மகப்பேறு விடுப்பு முடியும் கோடை: வேலூர் வெயிலில் இரண்டு பிள்ளைகளோடு எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 4 வயது, ஜூனில் எல்.கே.ஜி. போகிறான். சின்னவள் டிசம்பர் முதல் வாரம் பிறந்தவள். ஜூன் இரண்டாம் வாரம் நான் ராணிப்பேட்டை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். அம்மா வீடு குடியாத்தம். இந்த ஏப்ரல், மே மாதங்களைப் பிள்ளைகளோடு சந்தோஷமாகவும் கழிக்க வேண்டும், வேலைக்கும் தயாராக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் வரிசைதான் தப்பாகப் போகிறது. மே முழுக்க வீட்டில் புழுங்கிவிட்டு, கடைசி பத்து நாளில் ஏலகிரி, அம்மா வீடு, சொந்தக்காரர் கல்யாணம் என்று சுற்றி, ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை தாய் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்குப் பார்த்தால் குழந்தைக்கு அம்மா இல்லை, பால் வேறு விதமாக வருகிறது, தூங்க வைக்கும் கை வேறு, அண்ணனும் பள்ளிக்கூடம் போய்விட்டான். நாலு மாற்றமும் ஒரே நாளில். அழாமல் என்ன செய்யும்?

இதைத் திருப்பிப் போடுங்கள். ஊர் சுற்றல் எல்லாம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரத்துக்குள். அம்மா வீடு மே நடுப்பகுதி வரை. மே 18 வாக்கில் காட்பாடி வந்துவிட்டால், மீதி மூன்று வாரமும் ஒத்திகைக்கு. மே 4 முதல் 28 வரை கத்திரி என்பதால் அந்த நாட்களில் வெளியே அலைவதிலும் பெரிய சுகம் இல்லை.

உங்கள் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரம். பிரசவ நாளிலிருந்து அதை எடுத்ததால், நீங்கள் வேலைக்குப் போகும் வாரமும் சின்னவளுக்கு 6 மாதம் நிறையும் வாரமும் ஒன்றாக விழுகிறது. அதாவது திட உணவு தொடங்கும் நாளும் அதேதான். ஈட்டிய விடுப்பு ஒரு வாரமாவது மிச்சம் இருந்தால் அதை இதோடு ஒட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் புதன் அல்லது வியாழக்கிழமை சேர முடியுமா என்று கேளுங்கள். முதல் வாரம் மூன்று நாளில் முடிந்து உடனே ஒரு ஞாயிறு கிடைப்பது குழந்தைக்கும் உங்களுக்கும் பெரிய ஆறுதல். வேலைக்கு முன்பே பழகட்டும் என்று ஐந்தாம் மாதத்தில் கூழ் ஊட்டத் தொடங்காதீர்கள். வயிறு அதற்குத் தயாராகியிருக்காது. குடிக்கும் தாய்ப்பாலும் குறைந்துபோகும்.

இனி தண்ணீர். வேலூர் வெயிலில் வீட்டுப் பெரியவர்கள் நிச்சயம் கேட்பார்கள்: “நாக்கு வறண்டு போகுதே, ரெண்டு சொட்டு தண்ணி காட்டினால் என்ன?” அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதனால் காரணத்தைச் சொல்லுங்கள். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். 6 மாதம் நிறையும் வரை கத்திரியிலும் அது போதும். வெறும் தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிறைந்து பால் குறையும். தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரைகூடப் போகும். வெயில் நாளில் செய்ய வேண்டியது, அடிக்கடி பால் கொடுப்பது, தாய் நிறையத் தண்ணீர் குடிப்பது, இவ்வளவுதான். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் குழந்தைக்கு நீர்ச்சத்து போதுமானதாக இருக்கிறது. ஆறு மணி நேரமாகத் துணி நனையவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, வாய் காய்ந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறாள், பால் குடிக்க மறுக்கிறாள் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. 6 மாதத்துக்குப் பிறகு, சாப்பாட்டோடு கொதித்து ஆறிய தண்ணீர் சில மடக்கு கொடுக்கலாம்.

வீட்டில் வெயிலால் வரும் ஒரு ஆபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர். மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது பெரியவர் கையையே சுடும். குழந்தையின் தோல் அதைத் தாங்காது. காலை 7 மணிக்கே பக்கெட்டில் பிடித்து மூடி வைத்து, அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். ஊற்றுவதற்கு முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். வேர்க்குரு வந்தால் எண்ணெயும் பவுடரும் அப்ப வேண்டாம். இரண்டும் வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும், பவுடர் மூச்சிலும் போகும். ஈரத்துணியால் ஒற்றி, காற்றாட விட்டாலே இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். ஏர் கூலர் நம் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஓடினால் புழுக்கம்தான் கூடும். அதன் தொட்டியை வாரம் இரண்டு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

அடுத்தது பால், உங்கள் கோடையின் முக்கியமான வேலை. பீய்ச்சத் தொடங்குவது மே 15-க்கு மேல் போதும், ஃப்ரீசரை நிரப்பும் வேலை வேண்டாம். பால் அதிகம் ஊறுவது விடியற்காலை. சின்னவள் முதல் பால் குடித்து அரை மணி கழித்து, கையாலோ பம்பாலோ 15 நிமிடம் எடுங்கள். கையால் எடுப்பதானால், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரலை இழுக்கக் கூடாது, புண்ணாகும். முதல் வாரம் 20, 30 மில்லிதான் வரும். ‘எனக்குப் பால் பத்தவில்லை’ என்று அதைப் பார்த்து முடிவுகட்டிப் பால்பவுடர் வாங்கிவிடுகிறார்கள். குழந்தை குடித்த பிறகு மிஞ்சியதைத்தானே எடுக்கிறீர்கள், அந்த அளவு சரிதான்.

எவ்வளவு தேவை? பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 25 முதல் 30 மில்லி என்று வையுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்பினால் 250 முதல் 300 மில்லி, மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் பால் கையிருப்பில் இருந்தால் போதும். அதன்பின் இன்று அலுவலகத்தில் எடுப்பது நாளைக்கு என்று சுழற்சியில் ஓடும்.

வைக்கும் முறையில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. வெளியே 4 மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கு. மே மாத வேலூரில் எந்த அறையும் அப்படி இருக்காது, எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவில் அல்ல, உள்ளே பின்பக்கம். உங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால், அதற்குள்ளேயே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியில் 2 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அங்கே குளிர் குறையும். தனிக் கதவு ஃப்ரீசர் என்றால் 6 மாதம் வரை தாங்கும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் குளிர் காக்கும். மூடியுள்ள சின்ன ஸ்டீல் டப்பாவோ கண்ணாடிப் பாட்டிலோ போதும். 60 முதல் 100 மில்லி வரை ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். மேலே ஆடைபோல் பிரிந்து நிற்பது கொழுப்பு, கெட்டுப்போனதில்லை. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டப்பாவை வைத்துத்தான் சூடு பண்ண வேண்டும். நேரடி அடுப்போ மைக்ரோவேவோ வேண்டாம். சூடு பண்ணியதும், குழந்தை வாய் வைத்து மிஞ்சியதும் 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

சேர்த்துவைக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 30 மில்லியை மூன்று நாள் உறைய வைத்து, எடுத்து முகர்ந்து பாருங்கள். சிலருடைய பாலில் கொழுப்பைச் செரிக்கும் லிபேஸ் என்ற நொதியின் வேலையால் சோப்பு வாடை வரும். குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் சில குழந்தைகள் துப்பிவிடும். அப்படி இருந்தால், எடுத்த உடனேயே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வரும் வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, வேகமாகக் குளிர்வித்து உறைய வையுங்கள். ஃப்ரீசர் நிறைந்த பிறகு இது தெரியவந்தால் அத்தனையும் வீண்.

பாட்டில் வேண்டாம். நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பாலாடையே (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) போதும். நிப்பிளுக்குப் பழகிய குழந்தை மார்பில் குடிக்க அடம்பிடிக்கலாம், பாட்டிலின் இடுக்கைக் கழுவுவதும் கஷ்டம். பாலாடையைக் கொதிக்க வைத்துக் கழுவிவிடலாம். குழந்தையைப் பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தையே நக்கி உறிஞ்சும். படுக்க வைத்துத் தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும். பாட்டிகளின் கை இதில் வேகமாக ஓடும். ‘அவள் விழுங்கிய பிறகு அடுத்தது’ என்பதை மட்டும் மாமியாரிடம் இரண்டு மூன்று முறை செய்து காட்டிவிடுங்கள். முதல் பத்து நாள் பாதிப் பால் கழுத்துத் துணியில்தான் போகும், அந்த அளவையும் கணக்கில் சேர்த்து எடுத்து வையுங்கள். நீங்கள் அறையில் இருக்கும்போது குழந்தை பாலாடையை வாங்காது. உங்கள் வாசனை பக்கத்தில் இருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? அந்த நேரம் மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள்.

தூளி கட்டும் வீடு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். நைலான், சிந்தெடிக் புடவை வேண்டாம். சூட்டை அடைத்துக்கொள்ளும், முடிச்சும் வழுக்கும். பழைய நூல் புடவைதான் சரி. அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் இருக்கக் கூடாது, கீழே பாய் விரித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பெரிய கவலை மூத்தவன். 4 வயதுக் குழந்தைக்குத் தூளி ஊஞ்சல் மாதிரி. உள்ளே தலையை விட்டுச் சுழன்றால் துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிவிடும். சின்னவள் உள்ளே இல்லாத நேரமெல்லாம் துணியைச் சுருட்டிக் கொக்கியில் மேலே கட்டிவிடுங்கள். இந்தப் பழக்கத்தை மாமியார் இப்போதே தொடங்கட்டும். ராத்திரித் தூக்கம் தரையில், சமமான பாயில், மல்லாந்து.

மூத்தவனுக்குத் தண்ணீர்தான் இந்தக் கோடையின் விளையாட்டு, ஆபத்தும் அதுதான். தண்ணீர்ப் பஞ்சத்தில் ட்ரம், அண்டா, பக்கெட் என்று வீடெல்லாம் நிரப்பி வைப்போம். தவழத் தொடங்கும் குழந்தை ஒரு சாண் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் எழத் தெரியாது. சின்னவள் தவழும் மாதங்கள் நெருங்குவதால், மூடி இல்லாத எதுவும் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. சம்ப் மூடிக்கு ஒரு பூட்டு போடுங்கள். குடியாத்தத்தில் உறவினர் கொல்லைக்குப் போனால், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் மூத்தவனைப் பெரிய பையன்களோடு அனுப்பாதீர்கள். ‘பசங்க பார்த்துப்பாங்க’ என்ற இடத்தில்தான் ஒவ்வொரு கோடையிலும் உயிர் போகிறது.

அவனுக்கான நேரம் காலை 6 முதல் 8.30, மாலை 5 மணிக்கு மேல். சாயங்காலம் மொட்டை மாடிச் சுவரில், வெள்ளையடிக்கும் பழைய பிரஷும் ஒரு மக்குத் தண்ணீரும் கொடுத்தால் ஒரு மணி நேரம் ‘பெயிண்ட்’ அடிப்பான். எழுதியது காய்ந்து மறைவதே அவனுக்கு அதிசயம். பூங்காவில் இரும்புச் சறுக்குமரத்தில் ஏறுவதற்கு முன் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், சாயங்காலம் 5 மணிக்கும் சூடு இறங்கியிருக்காது. நுங்கு தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் சின்னத் துண்டாக நறுக்கி. முழுதாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் அடைக்கும். புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை எல்லாம் தரையில் கிடந்தால் தங்கச்சி வாய்க்குப் போகும். திருவிழாக் கடையில் விற்கும் விளக்கெரியும் பொம்மையில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும். அந்தப் பொம்மைகளை வாங்கவே வேண்டாம்.

வெளியே போவதற்கு, வேலூர் கோட்டை காலை 6.30-க்கு நல்ல இடம். அகழி ஓரம் கையைப் பிடித்தபடி ஒரு நடை, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல் மண்டபத்தின் குளிர்ச்சி, 8.30-க்குள் வீடு. ஸ்ரீபுரம் பொற்கோயிலில் நட்சத்திர வடிவப் பாதையே ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் நடக்க வைக்கும். மாலையில் மட்டும் போங்கள், திரும்பும்போது மூத்தவன் தூக்கச் சொல்வான் என்று இன்னொரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அமிர்தி அருவியை நம்பி மே மாதம் போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள், மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏலகிரி இரண்டு ராத்திரி போதும். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் போவது இரண்டு பிள்ளைகளுக்கும் கார் சவாரியைவிடச் சுலபம். கால் நீட்டலாம், பால் கொடுக்கலாம், 5 வயதுக்குள் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டும் இல்லை. அங்கிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருவது மூத்தவனுக்குத்தான், இரண்டு வயதுக்குள் அது அபூர்வம். கிளம்புவதற்கு ஒன்றரை மணி முன்பே இரண்டு இட்லி கொடுத்து முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்து வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே வாந்திதான். வளைவுகளில் குரங்கு அதிகம், தின்பண்டம் பைக்குள் இருக்கட்டும்.

குடியாத்தம் போகிற நாளில் ஒரு கணக்கு இருக்கிறது. வைகாசி முதல் நாள், மே நடுவில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே அன்றைக்குத் தெருவில்தான். 5 மாதக் குழந்தையை அந்தக் கூட்டத்துக்கும் வெயிலுக்கும் எடுத்துப் போக வேண்டாம். ஊர்வலம் போகும் தெருவில் உறவினர் வீடு இருந்தால் மாடியிலிருந்து மூத்தவனுக்குக் காட்டுங்கள். சின்னவளுக்கு அம்மனைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு விடியற்காலையில் காட்டிக்கொள்ளலாம்.

மே 18-க்குப் பிறகு ஒத்திகை. முதல் வாரம் நீங்கள் வீட்டிலேயே இருந்து, காலை 10 மணிப் பாலும் குளியலும் மாமியார் கையில். இரண்டாம் வாரம் இரண்டு மணி நேரம், பிறகு நாலு மணி நேரம் வெளியே போங்கள். மூன்றாம் வாரம் இரண்டு நாளாவது அலுவலக நேரப்படி முழுசாக. நிஜமாகவே பஸ் ஏறிப் போய் வாருங்கள், பால் எங்கே கட்டிக்கொள்கிறது, பீய்ச்ச எத்தனை மணிக்கு இடம் தேவை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். குழந்தை பார்க்கும்படி கையசைத்து, தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கிளம்புங்கள். மூத்தவனுக்கு எழும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தினால், பள்ளி திறக்கும்போது காலைச் சண்டை பாதியாகும்.

மாமியார் எல்லாவற்றையும் உங்கள் முறைப்படி செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 6 மாதம் நிறையும் வரை தண்ணீர் கூடாது. தேன், மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை ஆகியவையும் கூடாது. தூளி, பால் சூடு, பாலாடை நீங்கள் சொல்கிறபடி. மீதி எல்லாம் அவர் இஷ்டம், தாலாட்டிலிருந்து சட்டை வரை. தனக்கென்று உரிமை இருக்கும் இடத்தில்தான் ஒருவர் மனசோடு பிள்ளை வளர்ப்பார்.

6 மாதம் நிறைந்ததும் கேழ்வரகு நல்ல தொடக்கம். முளைகட்டிய மாவைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். உப்பு ஒரு வயது வரையும் சர்க்கரை இரண்டு வயது வரையும் வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம்தான் சரி. கஞ்சியாகக் கரைத்தால் சின்ன வயிற்றைத் தண்ணீரே அடைத்துவிடும், எடை ஏறாது. முதல் வாரம் இரண்டு மூன்று ஸ்பூன், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. புதிய உணவு எதையும் நீங்கள் வீட்டில் இருக்கும் காலையிலேயே தொடங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பார்க்க ஆள் இருக்கும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியதை மே மாதமே எழுத்தில் கேளுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளைக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். பூட்டக்கூடிய ஒரு அறை, ஒரு நாற்காலி, ஃபிரிட்ஜில் ஒரு மூலை, இவ்வளவுதான் உங்கள் தேவை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் பால் கட்டும், அப்புறம் ஊறுவதும் குறையும். மார்பு சிவந்து குளிர்காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். எடுத்த பாலை ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டு வாருங்கள், நல்ல பையில் 24 மணி நேரம் தாங்கும்.

முதல் வாரங்களில் சின்னவள் பகலில் குறைவாகக் குடித்துவிட்டு ராத்திரி விடாமல் குடிப்பாள். பல குழந்தைகள் அப்படித்தான் செய்யும், பால் குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்த மாதம் ராத்திரி மற்ற வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் பஸ் திருவலம் பாலத்தைத் தாண்டும்போது வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அதற்குப் பிறகு மாமியார் பாலாடையை எடுக்க வேண்டாம். ரொம்ப அழுதால் இரண்டு ஸ்பூன் மட்டும் கொடுத்துத் தோளில் போட்டு வாசலில் நிற்கட்டும். நீங்கள் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி உட்காரும்போது அவள் பசியோடு இருந்தால்தான் உங்களுக்கும் கட்டிய பால் இறங்கும்.